பூனைக்கு ஏற்ற பயணப் பெட்டி



ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாடம் முடிந்த வேளையில் மாணவன் ஒருவன் மெல்ல எழுந்து நின்றான். "டீச்சர், எங்க பாட்டி வளக்குற பூனைக்குக் காது புண்ணாயிருச்சு. நாளைக்கு டவுனுக்கு டாக்டர்கிட்ட கொண்டு போறோம். சாக்குல போட்டுக் கட்டி மாமா மோட்டார்லதான் கொண்டு போவாரு. சாக்குல போட்டா செத்துப் போயிருமா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி நமக்கு உண்டு. ஆனால் அந்தத் தகுதியை நாம் பெற்ற விதம் பெருமைக்குரியதன்று. அதையும் இன்று மறைக்காமல் சொல்லப் போகிறோம். அன்று அந்த மாணவனுக்குச் சொன்ன விடையை விரித்துச் சொல்வதே இன்றைய பேச்சு.

தோட்டத்து லயங்களில் பூனை வளர்ந்த விதத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அது ஒரு வீட்டுப் பூனையாகவும் இருக்கும். லயம் முழுவதற்கும் சொந்தமாகவும் இருக்கும். ஒரு வீட்டில் கருவாட்டுத் தலை கிடைக்கும். அடுத்த வீட்டில் பழைய சோறு கிடைக்கும். மிச்சத்தைக் கொல்லையில் உள்ள எலிகள் பார்த்துக்கொள்ளும். அந்தப் பூனைக்கு மருத்துவரும் இல்லை, பயணமும் இல்லை. ஒரே ஒரு பயணம்தான் உண்டு. வேண்டாத பூனையைக் கோணிச் சாக்கில் போட்டுக் கட்டி, ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். சாக்கு என்றால் பூனைக்கு ஆகாது என்று பாட்டிமார் சொல்வதுண்டு. ஆகாமல் இருந்ததில் வியப்பு என்ன?

இன்று நிலைமை வேறு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டும் மறைந்துவிட்டன. நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பூனைகளும் அவர்களோடு மாடியேறின. தடுப்பூசி போட, கருத்தடை செய்ய, காதுப் புண்ணுக்கும் கண் நோய்க்கும் மருந்து வாங்க என்று பூனைக்கும் இன்று பயணம் உண்டு. அண்டை நாடான சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நெடுங்காலமாகப் பூனை வளர்க்க அனுமதி இல்லாதிருந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமத்தோடு வளர்க்கலாம் என்று ஆயிற்று. உரிமம் பெற வேண்டுமானால் பூனையின் தோலுக்கடியில் நுண்சில்லு பொருத்த வேண்டும். அதற்கும் அதை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

எதில் தூக்கிக்கொண்டு போவது? இதை நாம் கற்றுக்கொண்ட கதையை முதலில் கேளுங்கள்.

ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டப்பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு நமக்குப் பணிமாற்றம் வந்தது. எங்கள் வீட்டில் செம்பட்டை நிறத்தில் ஒரு பூனை இருந்தது. செவலை என்பது அதன் பெயர். வீடு மாறும் நாளில் கட்டில், அலமாரி, அடுப்பு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் எப்படிக் கட்டுவது என்று ஒரு வாரமாகத் திட்டமிட்டோம். செவலையைப் பற்றி ஐந்து நிமிடம்கூட எண்ணவில்லை. சாமான் கடையில் பால்டின் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி, திருப்புளியால் நாலைந்து துளை போட்டு, அதைப் பிடித்து உள்ளே தள்ளி, மேலே ராப்பியா கயிற்றால் இறுகக் கட்டினோம். வாடகை வேனின் பின்புறத்தில் பாய்க்கட்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் பெட்டியைச் செருகினோம்.

அரை மணி நேரம் பூனை விடாமல் கத்தியது. பிறகு ஓசை நின்றது. "தூங்கிவிட்டது போலிருக்கிறது" என்று நாங்கள் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டோம். அது தூக்கம் அன்று. அச்சம் மிகுந்தால் பூனை கத்துவதை நிறுத்திவிட்டு உறைந்துபோய்க் கிடக்கும் என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தோம். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேனை நிறுத்தினோம். பூனையைப் பார்ப்போமே என்று பின்கதவைத் திறந்து பெட்டியைத் தூக்கியபோது, சிறுநீரில் ஊறியிருந்த அட்டையின் அடிப்பாகம் அப்படியே பிய்த்துக்கொண்டது. செவலை தரையில் விழுந்து, லாரிகள் ஓடிய சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறச் செம்பனைக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

இருட்டும் வரை தேடினோம். அதன் தீனி டின்னை ஆட்டி ஆட்டி அழைத்தோம். அடுத்து வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கே போனோம். கிடைக்கவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஓர் இரவு படுக்கப் போகும் முன், "அம்மா, நாமதான் அத வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டோம்னு அது நெனச்சுக்கும் இல்ல?" என்று கேட்டாள். ஆசிரியராக எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறோம். அதற்கு விடை சொல்ல நா எழவில்லை. நம் முன்னோர் வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் வேண்டிய பூனையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனோம். பூனையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே முடிந்தன.

நேயர்களே, பெட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் பூனையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். தாய்ப்பூனை தன் குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கும்போது குட்டி கைகால்களை மடக்கிக்கொண்டு சிறிதும் அசையாமல் தொங்கும். குட்டி ஒரு முயற்சியும் செய்ய வேண்டாம். எல்லாம் தாயின் பொறுப்பு. வைணவப் பெரியோர் இதையே மார்ச்சார நியாயம் என்று உவமையாகக் காட்டினார்கள். ஆனால் வளர்ந்த பூனையைப் பிடரியைப் பிடித்துத் தூக்கலாகாது. அதன் முழு எடையும் அந்தத் தோலில் தொங்கும். வலியும் அச்சமும் உண்டாகும். ஆகவே தாயின் வாய் செய்த வேலையை இப்பொழுது நாம் வாங்கும் பெட்டி செய்ய வேண்டும்.

பூனைக்கு அச்சம் வந்தால் முதலில் செய்வது ஒளிந்துகொள்வது. நான்கு பக்கமும் திறந்திருக்கும் இடம் அதற்குச் சிறை. மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருக்கும் இடம் அதற்குக் குகை. இரண்டாவது, அது மோப்பத்தால் உலகை அறியும் விலங்கு. தன் மணம் உள்ள துணி அருகிலிருந்தால் பாதி அச்சம் தணியும். மூன்றாவது, நம்மைப்போல் அதற்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். அதன் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39 பாகை செல்சியஸ். நம் நாட்டு வெயிலில் காற்றுப் புகாத இடத்தில் அடைத்தால் அது விரைவில் வெப்பத்தால் வாடும். கோணிச் சாக்கு ஏன் கூடாது என்பதற்கு இதுவே விடை. சாக்கில் காற்றோட்டம் குறைவு. அடியில் உறுதியான தளம் இல்லை. பூனை நிற்கவோ படுக்கவோ முடியாமல் உருண்டையாகத் தொங்கும். மோட்டார் சைக்கிளின் சூடான புகைக்குழாய் பக்கத்திலேயே இருக்கும். சாக்கில் போன பூனை சாகவும்கூடும். அந்த மாணவன் கேட்டது சிரிப்பதற்குரிய கேள்வி அன்று.

இனிப் பெட்டியின் அளவைப் பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம், விமானத்தில் செல்லும் விலங்குகளின் கூண்டுக்கு ஓர் அளவுமுறை வகுத்திருக்கிறது. தரைவழிப் பயணத்துக்கும் அது நல்ல வழிகாட்டி. பூனை இயல்பாக நிற்கும்போது நான்கு அளவுகள் எடுக்க வேண்டும். ஒன்று, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். இரண்டு, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உயரம். மூன்று, தோள்களின் அகலம். நான்கு, தரையிலிருந்து காது நுனி வரை உயரம். முதல் அளவோடு இரண்டாம் அளவில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம் கிடைக்கும். மூன்றாம் அளவை இரண்டால் பெருக்கினால் அகலம் கிடைக்கும். நான்காம் அளவோடு உள்ளே விரிக்கும் துணியின் தடிப்பைக் கூட்டினால் உயரம் கிடைக்கும்.

நம் மாணவர்கள் தையல் நாடாவைக் கொண்டு ஒரு பூனையை அளந்தார்கள். நீளம் 44 சென்டிமீட்டர். முழங்கை உயரம் 14. தோள் அகலம் 12. காது நுனி வரை உயரம் 30. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பத்து நான்கோடு ஏழைக் கூட்டினால் 51 சென்டிமீட்டர் நீளம். அகலம் 24. துணிக்கு இரண்டு சேர்த்து உயரம் 32. அந்தப் பூனை இப்பெட்டியில் தலை இடிக்காமல் நிற்கலாம், திரும்பலாம், கால் மடக்கிப் படுக்கலாம். கடையில் இதே அளவு கிடைக்காவிட்டால் சற்றே பெரியதை வாங்கலாம். மிகப் பெரியதை வாங்குவது தவறு. வண்டி திடீரென்று நிற்கும்போது பூனை அங்கும் இங்கும் சறுக்கி மோதிக்கொள்ளும். குட்டிக்கு வாங்குவோர் அது வளர்ந்தபின் இருக்கும் அளவை எண்ணி வாங்கி, அதுவரை உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அளவுக்கு அடுத்தது பொருள். கடைகளிலும் வீடுகளிலும் காணப்படும் வகைகளை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

அட்டைப்பெட்டியைப் பற்றி நாம் மேலும் சொல்ல வேண்டியதில்லை. நனைந்தால் அது பெட்டி அன்று, வெறும் காகிதம்.

பிரம்புக் கூடை பார்க்க அழகு, காற்றோட்டமும் உண்டு. ஆனால் பூனை அதன் பின்னல்களில் நகத்தை மாட்டிப் பிடித்துக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. சிறுநீர் பிரம்புக்குள் இறங்கிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் போகாது. கோழிக் கூடையும் இப்படியே. அதன் மூடியைப் பூனை தலையால் முட்டித் திறந்துவிடும்.

கம்பிக் கூண்டு உறுதியானது, கழுவ எளியது, காற்று தாராளமாக வரும். ஆயினும் நான்கு பக்கமும் திறந்திருப்பதால் பூனைக்கு ஒளிய இடமில்லை. மூன்று பக்கமும் மெல்லிய பருத்தித் துணியால் மறைத்தால் இக்குறை நீங்கும். அடியில் கம்பிமேல் பூனையின் பாதம் படாதபடி பலகையோ தட்டோ இருக்க வேண்டும்.

துணிப்பை வகை எடை குறைந்தது, தோளில் மாட்டிக்கொள்ளலாம். அமைதியான பூனைக்கும் குறுகிய பயணத்துக்கும் அது போதும். முரட்டுப் பூனையானால் வலையைக் கீறிக் கிழித்துவிடும். பல்லிழுப்பை மூக்கால் தள்ளித் திறந்துவிடும். ஆகவே பல்லிழுப்பின் முனையில் கொக்கியோ பூட்டோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடிப்பலகை இல்லாத பை நடுவில் தொய்ந்து தொட்டிலாகிவிடும், அது கூடாது. முதுகில் மாட்டும் பைகளில் கண்ணாடிபோன்ற உருண்டைச் சன்னல் வைத்தவை இப்பொழுது இளைஞர்களிடையே பரவியிருக்கின்றன. பூனையின் முகம் தெரிவது நமக்கு இன்பம். பூனைக்கோ ஒளிய இடமில்லை, படுக்க இடமில்லை. வெயில் பட்டால் உள்ளே வெப்பம் ஏறும். நம் தட்பவெப்பத்துக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

எஞ்சியது கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தக்கது. ஆனால் எல்லாப் பிளாஸ்டிக் பெட்டியும் ஒன்றல்ல. முன்கதவு மட்டும் உள்ள பெட்டியில் பூனையைத் தள்ளுவதும் கடினம். மருத்துவர் மேசையில் வெளியே இழுப்பது அதைவிடக் கடினம். மேலேயும் ஒரு கதவு உள்ளதா, மேல்பாதியை முழுவதும் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். மேல்பாதியைக் கழற்றினால், பூனை தன் துணிமேல் படுத்தபடியே இருக்க மருத்துவர் அதைச் சோதிக்கலாம். அச்சமுள்ள பூனைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. வெட்கப்படாமல் செய்யுங்கள், பணம் நம்முடையது. கதவைப் பூட்டி, பூனை முட்டுவதுபோல் உள்ளிருந்து விரல்களால் தள்ளிப் பாருங்கள். கீல் விலகினால் வேண்டாம். மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைக்கும் கொக்கிகள் எத்தனை என்று எண்ணுங்கள். பிளாஸ்டிக் கொக்கிகள் வெயிலில் கிடந்து நாளடைவில் நொறுங்கும். திருகாணியும் மரையும் கொண்டு இணைப்பது உறுதி. கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோ எடை. நாலைந்து கிலோ எடையுள்ள பொருளை உள்ளே வைத்துத் தூக்கி ஆட்டினால் கைப்பிடியின் உண்மை தெரிந்துவிடும். துளைகள் இரண்டு பக்கங்களிலாவது இருக்க வேண்டும். ஆனால் பூனையின் பாதம் வெளியே வந்து மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருத்தல் கூடாது. உள்ளே கூரான முனையோ பிசிறோ உள்ளதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பெட்டி வாங்கியாயிற்று. வேலை முடிந்ததா? பாதிதான் முடிந்தது. நம்மில் பலர் பெட்டியை அலமாரிமேல் தூசு படிய வைத்திருந்து, மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் இறக்குகிறோம். பெட்டி இறங்கும் ஓசை கேட்டதும் பூனை கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. மறுக்க முடியுமா? அந்தப் பெட்டிக்கும் ஊசிக்கும் உள்ள தொடர்பை அது நன்றாகக் கற்றுவிட்டது. ஒரு முறையிலேயே பாடம் கற்கும் மாணவர் நம் வகுப்பில் எத்தனை பேர்!

ஆகவே பெட்டியை வீட்டுப் பொருளாக்குங்கள். கூடத்தின் மூலையில் கதவைத் திறந்து, அல்லது கழற்றி, வைத்துவிடுங்கள். பூனை படுத்துறங்கும் பழைய துணியை உள்ளே விரியுங்கள். முதல் சில நாள்கள் தீனியைப் பெட்டிக்கு அருகில் வைக்கலாம், பிறகு வாசலில், பிறகு உள்ளே. அது தானாக உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கியதும் ஒரு நொடி கதவை மூடித் திறக்கலாம். அடுத்து ஒரு நிமிடம். பின்னர் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கலாம். இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் காட்டும் பொறுமையில் சிறிதளவு போதும்.

பழக்காத பூனையை அவசரமாகக் கொண்டு போக வேண்டியிருந்தால் என்ன செய்வது? முதலில் அறையின் கதவு, சன்னல்களை மூடுங்கள். ஒரு தடித்த துவாலையால் பூனையைக் குழந்தையைப் போர்த்துவதுபோல் சுற்றி எடுத்து, மேல்கதவு வழியாக இறக்குங்கள். மேல்கதவு இல்லையென்றால் முன்கதவு மேலே பார்க்கும்படி பெட்டியை நிமிர்த்தி வைத்து, மார்பையும் பின்பாகத்தையும் தாங்கிப் பிடித்து, பின்னங்கால்கள் முதலில் உள்ளே போகும்படி மெல்ல இறக்குங்கள். கதவை மூடிய பிறகு பெட்டியை நிதானமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தலையை முதலில் தள்ளினால் பூனை நான்கு கால்களையும் விரித்து வாசலில் ஊன்றிக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு ஒரு பூனை என்பதையும் மறவாதீர்கள். வீட்டில் ஒன்றாகத் தூங்கும் பூனைகள்கூட அச்சத்தில் ஒன்றையொன்று தாக்கிக்கொள்ளும்.

பயண நாளில் புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாகவே சிறிதளவு உணவு கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுக்கும். இளங்குட்டிகளையும் நோயாளிப் பூனையையும் பட்டினி போடுவதற்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெட்டிமேல் மெல்லிய துணி போர்த்துங்கள். துளைகள் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். காரில் முன்னிருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் பெட்டி அசையாமல் அமருமானால் அதுவே நல்ல இடம். பின்புறச் சாமான் அறையில் மூடி வைக்கலாகாது. ஓடும் வண்டியில் பூனையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்வதும் கூடாது. அது ஓட்டுநரின் காலடியில் புகுந்தால் பூனைக்கு மட்டுமா ஆபத்து?

பெட்டியோடு பூனையைக் காருக்குள் விட்டுவிட்டுப் "பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று கடைக்குப் போகாதீர்கள். வெளியில் 32 பாகை வெயில் இருக்கும்போது, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 45 பாகையைத் தாண்டிவிடும். பூனை வாயைத் திறந்து நாயைப்போல் மூச்சு வாங்கினால் அதை விளையாட்டாக எண்ண வேண்டாம். அது ஆபத்தின் அறிகுறி. உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், மருத்துவரை நாட வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் போவதைத் தவிர்ப்பதே நல்லது. கார் வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் ஓர் உதவி கேட்பதில் குறைவொன்றும் இல்லை. வாடகை வண்டியோ பேருந்தோ ஆனால் பூனை உடன் வருவதை முன்னதாகவே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக் மாநிலங்களுக்குக் கொண்டு செல்வோர், அதற்கான அனுமதிப் பத்திரம் பற்றிக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையில் கேட்டறிய வேண்டும். எந்தப் பயணமானாலும் பெட்டிமேல் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டுங்கள். மருந்தகம் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் தரையில் வைக்காமல் நாற்காலிமேலோ மடிமேலோ வையுங்கள். தரையில் வைத்தால் வந்து நிற்கும் நாயின் மூக்கும் பூனையின் மூக்கும் நேருக்கு நேர் சந்திக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய அறைக்குள் போகும் வரை எக்காரணம் கொண்டும் பெட்டியைத் திறக்காதீர்கள். வழியில் பார்ப்போமே என்று திறந்தவர்கள் சொல்கிறோம்.

வீடு திரும்பியதும் பெட்டியைக் கழுவி வையுங்கள். சவர்க்காரமும் வெந்நீரும் போதும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பல பூனைக்கு நஞ்சு. பெட்டியில் ஒட்டியிருப்பது பாதத்தில் பட்டு, பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள் போகும். நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. விலங்குக்குத் தேவையற்ற துன்பம் உண்டாகும் வகையில் அதை ஏற்றிச் செல்வதும் அச்சட்டத்தின்படி கொடுமைக் குற்றமாகும். அதற்கு 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 100,000 வெள்ளிக்கு மேற்போகாமலும் அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனைக்கு அஞ்சித்தான் இரக்கம் காட்ட வேண்டும் என்பதில்லை. ஆயினும் "பூனைதானே" என்று சொல்லும் வாயை அடைக்க இந்தச் சட்டம் உதவும்.

அந்த மாணவனின் பாட்டியும் பூனையும் என்னவானார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அன்று பள்ளி முடிந்ததும் எங்கள் வீட்டுப் பெட்டியை அவனிடம் கொடுத்தனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் தம் காரில் ஏற்றிக்கொண்டார். பூனையின் காதை மருத்துவர் சுத்தம் செய்து மருந்திட்டார். மூன்றாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. பாட்டி அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்தனுப்பியிருந்தார். மறுவாரம் நம் மாணவர்கள் தையல் நாடாவால் அளந்தது அந்தப் பூனையைத்தான். காது நுனி வரை அளக்க வேண்டும் என்றபோது, "புண்ணு ஆறிருச்சு டீச்சர், தொட்டாலும் கடிக்காது" என்று அவனே பிடித்துக்கொண்டான்.

எங்கள் வீட்டில் இப்பொழுது வேறொரு பூனை இருக்கிறது. அதன் பெட்டி கூடத்தின் மூலையில் கதவு திறந்தபடியே கிடக்கிறது. பகலெல்லாம் அது அதற்குள்தான் தூங்குகிறது. எங்கள் மகள் வளர்ந்துவிட்டாள். விரிப்பு அழுக்கானால் யாரும் சொல்லாமலே அவள் அதை எடுத்துத் துவைத்துப் போடுகிறாள். செவலையைப் பற்றி அவள் இப்பொழுது பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை.

நேயர்களே, நாம் எங்கே போகிறோம் என்பது பூனைக்குத் தெரியாது. ஏன் போகிறோம் என்பதும் தெரியாது. நம் கையை நம்பித்தான் அது வருகிறது. நாளைக்கே பயணம் இல்லாவிட்டாலும் இன்று மாலை உங்கள் பூனையை ஒரு முறை அளந்து வையுங்கள். ஓய்வாக இருக்கும்போது நல்ல பெட்டியைத் தேடுங்கள். அவசரத்தில் கைக்கு அகப்படுவது சாக்கும் அட்டைப்பெட்டியும்தான்.